கோழியின் நிறமும் குடியானவர் நலமும்

ஆலங்குடி வட்டாரத்தில் நெல்லும் நிலக்கடலையும் விளையும் வயலோரங்களிலும், வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாத்தோப்பு தென்னந்தோப்புகளிலும் நாட்டுக்கோழி மேய்ந்து வளர்வது எவரும் அறிந்ததே. தீவனச் செலவு அதிகமின்றி இக்கோழிகள் தரும் வருவாய் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு உதவுவது. ஆனால், சேவலை அதன் நிறத்திற்காகவே வாங்குவதும், கலப்பினால் புதுப்புது நிறங்களை உண்டாக்க முயல்வதும் தமிழ்நாட்டில் பல இடங்களில் பரவி வருகின்றன. கிளிமூக்கு, விசிறிவால் என்னும் அசில் வகைகள் காட்சிக்கு வைக்கப்படும் ஊர்களில் மூக்கு, வால் இவற்றோடு நிறமும் விலையை நிர்ணயிக்கிறது. இம்முயற்சி நல்லதோ தீயதோ என ஒரே சொல்லில் தீர்த்துவிடுவதற்கில்லை. எந்த வரம்பிற்குள் நின்றால் அது நன்மை தரும் என்பதே ஆராயற்பாலது.

நிறம் பார்த்துக் கோழி வளர்த்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. காகம், கீரி, மயில், செவலை, கொக்கு வெள்ளை என்று சேவல்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களே இதற்குச் சான்று. நிறத்தினால் சில அனுகூலங்களும் உண்டு. திறந்த வெளியில் மேயும் வெள்ளைக் கோழி பருந்தின் கண்ணுக்கு எளிதில் படும். மண்ணோடும் சருகோடும் ஒத்த நிறமுடையது தப்பிப் பிழைக்கும். ஐதராபாத்து ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கிய வனராஜாவும், பெங்களூரில் உண்டாக்கப்பட்ட கிரிராஜாவும் வண்ண இறகுடையனவாக அமைக்கப்பட்டமைக்கு இதுவும், கிராம மக்கள் வண்ணக் கோழியையே விரும்பி வாங்குவதும் காரணங்களாகும். எனினும் அவ்விடங்களில் நிறம் மட்டுமே நோக்கமாக இருக்கவில்லை. வளர்ச்சியும், நோய் தாங்கும் வலிமையும், புறக்கடையில் பிழைக்கும் திறமும் சேர்த்தே கவனிக்கப்பட்டன.

நிறம் சந்ததிக்கு இறங்கும் விதி எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பேட்சன், பன்னெட் என்னும் அறிஞர்கள் ஆந்தலூசிய நீலக் கோழியை ஆராய்ந்தனர். சாம்பல் கலந்த நீல நிறமுடைய சேவலையும் பெட்டையையும் சேர்த்தால், சராசரியாக நான்கு குஞ்சுகளில் இரண்டே நீலமாகும். ஒன்று கறுப்பு, மற்றொன்று திட்டுக்கள் விழுந்த வெள்ளை. எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் இக்கணக்கு மாறாது. ஆனால், வேண்டாதவையென்று கழிக்கப்படும் அக்கறுப்பையும் திட்டு வெள்ளையையும் ஒன்றோடொன்று சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் யாவும் நீலமாகும். விதி அறியாதவர் நீலத்தை நீலத்தோடு சேர்த்து ஆண்டுதோறும் பாதிக் குஞ்சுகளைக் கழித்துக்கொண்டிருப்பார்.

வெள்ளை நிறத்தின் போக்கு வேறு. வண்ணச் சேவலுக்கும் வண்ணப் பெட்டைக்கும் திடீரென வெள்ளைக் குஞ்சு பொரிப்பதுண்டு. தாய் தந்தை இரண்டிடமும் மறைந்திருந்த வெண்மை ஒன்றுகூடி வெளிப்படுவதே இதற்குக் காரணம். வெள்ளை லெகான் கோழியின் வெண்மையோ இதற்கு நேர்மாறானது. அது மற்ற நிறங்களை மறைத்துவிடும். அதன் கலப்பில் முதல் தலைமுறை பெரும்பாலும் வெள்ளையாகவே தோன்றி, அடுத்த தலைமுறையில் மறைந்திருந்த நிறங்கள் பலவாறாக வெளிப்படும். ஆகவே, முதலாண்டில் தோன்றிய ஓர் அழகிய நிறத்தைக் கண்டு, புதிய ஜாதி உண்டாகிவிட்டதென்று கருதுதல் பிழையாகும். பல தலைமுறை மாறாமல் தன் போன்ற குஞ்சுகளையே ஈனும்போதுதான் அதனை ஜாதி என்று சொல்லத் தகும்.

இனி, நிறத்தையே முதற்குறியாகக் கொள்வதால் விளையும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீலச் சேவலுக்கும் நீலப் பெட்டைகளுக்கும் 40 குஞ்சுகள் பொரித்தன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் சுமார் 20 நீலமாகும்; அந்த 20-இல் சுமார் 10 பெட்டை. நோய்க்கும் பருந்திற்கும் போக மிஞ்சுபவை ஐந்தாறு இருக்கலாம். அடுத்த தலைமுறைக்கு ஐந்து பெட்டைகள் வேண்டுமாயின், மிஞ்சியவற்றுள் தெரிந்தெடுக்க இடமே இல்லை. அடைகாக்கும் குணம், குஞ்சுகளைப் பேணும் குணம், முட்டையின் எண்ணிக்கை, உடல் வலிமை ஆகிய எதனையும் பாராமல் உள்ளவற்றை வைத்துக்கொள்ள நேரிடும். நிறத்தை நிலைநிறுத்தும் அவசரத்தில் தந்தையை மகளோடும், உடன்பிறந்தவற்றை ஒன்றோடொன்றும் சேர்ப்பர். இத்தகைய ஒரு சேர்க்கையினாலேயே உட்சேர்க்கையின் அளவு நூற்றுக்கு 25 ஆகிறது. தொடர்ந்து இவ்வாறு செய்தால் முட்டை பொரியும் விகிதம் குறையும், குஞ்சுகள் நலியும்.

இந்நஷ்டம் நிறம் தேடுபவரோடு நின்றுவிடுமாயின் பிறர் பேசவேண்டுவதில்லை. கோழிக்கு வேலி ஏது? மிராசுதாரர் விலை கொடுத்து வாங்கிய வண்ணச் சேவல் அவர் தோப்போடு நிற்பதில்லை; அண்டை வீட்டாரின் பெட்டைகளையும் அதுவே சேரும். வலிய சேவல் ஒன்று தெருவில் இருந்தால் மற்றச் சேவல்கள் ஒதுங்கிப் போகும். இவ்வாறு ஒருவருடைய விருப்பம் ஒரு தெரு முழுவதன் கோழிப் பரம்பரையாகிவிடுகிறது. சிறுவிடைக் கோழி உருவத்திற் சிறியதாயினும், 21 நாள் அடைகாத்துக் குஞ்சுகளைத் தானே வளர்ப்பது. குஞ்சு பொரிக்கும் யந்திரம் இல்லாத ஏழைக்கு அக்கோழியே யந்திரம். அடைகாக்கும் இயல்பற்ற கலப்புச் சேவலின் நிறம் தெருவில் பரவும்போது, அவ்வியல்பின்மையும் உடன் பரவக்கூடும். அழகு ஒருவர்க்கும் நஷ்டம் மற்றவர்க்கும் ஆவது நியாயமன்று.

ஆகவே நிறம் தேடுவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுதல் அவசியம். முதலாவது, பொலிசேவலை வலை அடைத்த தனிக் கொட்டிலில் எட்டு முதல் பத்துப் பெட்டைகளோடு வைத்து வளர்க்கவேண்டும். வேறு சேவலோடு இருந்த பெட்டையைக் கொட்டிலில் சேர்த்தால், முதல் மூன்று வாரத்து முட்டைகளை அடைக்கு வைக்கலாகாது. முந்திய சேவலின் வித்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்திற்கு மேலும் தங்கியிருக்கக்கூடும். இரண்டாவது, குஞ்சுகளின் காலில் வளையமிட்டு, தாய் தந்தை விவரத்தை ஒரு நோட்டில் குறித்துவரவேண்டும். மூன்றாவது, முதற்சல்லடை நலம், இரண்டாவது அடைகாக்கும் குணமும் முட்டையும், கடைசிச் சல்லடையே நிறம் என்று வைத்துக்கொள்ளவேண்டும். கழிக்கப்படுபவற்றை இறைச்சிக்கு விற்கலாமேயன்றி வளர்ப்புக்கு விற்கலாகாது. நான்காவது, உறவற்ற சேவலை வேற்றூரிலிருந்து காலாகாலத்தில் மாற்றிக்கொள்ளவேண்டும்.

எந்நிறக் கோழியாயினும் கழிச்சல் நோய் கண்டால் ஒரு வாரத்தில் கூடு காலியாகும். 1927-இல் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத்தில் காணப்பட்டதனால் அவ்வூரின் பெயர் பெற்ற இந்நோய்க்கு மருந்தில்லை. தடுப்பு மருந்தே உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம். இதனைச் செய்யாமல் நிறத்திற்குச் செலவிடுதல், கரையை உயர்த்தாமல் கண்மாயில் மீன் விடுவதை ஒக்கும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமையுண்டு. கோழி வளர்ப்பதும் நிறம் தேடுவதும் குற்றமல்ல. ஆனால் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவதைத் தடுக்கிறது. நிறத்தைப் புகழ்ந்து விற்கும் சேவல் களத்திற்குப் போகாதபடி பார்த்தல் தகும். சந்தையில் 'புதிய ஜாதி' என்று கூறிக் குஞ்சு விற்பவரிடம், அது எத்தனை தலைமுறையாக மாறாமல் ஈன்று வருகிறதென்று கேட்கும்படி குடிகளுக்குச் சொல்லிவைக்கலாம். ஐயம் உள்ளோர் வம்பனிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ விசாரித்துத் தெளிவது நலம்.

வசதியுள்ள நிலக்காரர் ஒருவர் ஊருக்குப் பொதுவாக ஒரு காரியம் செய்யலாம். தம் வண்ணச் சேவலைக் கொட்டிலில் அடைத்து, நன்றாக அடைகாத்து அதிகக் குஞ்சுகளைக் காப்பாற்றிய சிறுவிடைப் பெட்டையின் வயிற்றுச் சேவல் ஒன்றைத் தெருவில் மேயவிடலாம். அண்டை வீட்டுப் பஞ்சாரத்தில் குஞ்சுகள் பெருகும். கொட்டிலில் உள்ள நிறமும் கலப்பின்றி நிற்கும்.