அனுமதி கேட்கும் கைப்பேசி

வாசலில் நிற்பவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால் கொடுக்கிறோம். பீரோ சாவியைக் கேட்டால்?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மாமாவோடு முகம் பார்த்துப் பேச, அம்மாவின் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கினேன். அது கேமராவையும் மைக்கையும் கேட்டது. நியாயமே, அவையின்றி மாமா எங்களைக் காண்பது எப்படி? அடுத்து, இருப்பிடத்தைக் கேட்டது. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெரு மாமாவுக்குத் தெரியாதா என்ன! மறுத்தேன். பிறகு தொடர்பு எண்களைக் கேட்டது. அதையும் மறுத்து, மாமாவின் எண்ணை நானே தட்டினேன். அழைப்பு தடையின்றிப் போயிற்று.

தொடர்பு எண்கள்தாம் என்னைச் சிந்திக்க வைத்தன. அம்மாவின் பட்டியலில் அத்தை, பால்காரர், நம் சிஸ்டர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களைக் கேளாமல் அவர்கள் எண்களைக் கொடுக்க நாம் யார்? சில கடன் செயலிகள் இப்படிப் பெற்ற எண்களுக்கெல்லாம் பேசி, கடன்பட்டவர்களை உற்றார் முன் அவமானப்படுத்தின. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடலாகாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. மற்றச் செயலிகளுக்கு நாம்தாம் காவல்.

கேமரா, மைக், இருப்பிடம் மூன்றுக்கும் 'இம்முறை மட்டும்' என்று அனுமதிக்கும் வசதி 2020-இல் ஆண்ட்ராய்டு 11-உடன் வந்தது. முன்பு கொடுத்ததையும் செட்டிங்ஸில் திரும்பப் பெறலாம்.

பெண்பிள்ளைக்குக் கைப்பேசி எதற்கு என்கிறார்கள் பெரியோர். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் 'சரி' அழுத்தியவர் அப்பாதான்! (மன்னியுங்கள் அப்பா.) இப்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். நேற்று ஒரு டார்ச் செயலி தொடர்பு எண்களைக் கேட்டதாம். விளக்குக்கு யாரோடு பேச வேண்டுமோ!