சேக்குறது வேற, சுருக்குறது வேற!

'ரெண்டு வார்த்தை சேர்ந்து ஒன்னாகும்.' பல ஆங்கில இலக்கண கைடுகள்ல கூட்டுச்சொல்லுக்கும் இதே விளக்கம்தான், 'டோன்ட்', 'கான்ட்' மாதிரி சுருக்கத்துக்கும் இதே விளக்கம்தான். படிக்கிற பய எதை எங்கிட்டு வைப்பான்?

வித்தியாசம் ரொம்ப சிம்பிள் மக்களே. பிரிச்சுப் பாருங்க. 'டோன்ட்' என்பதை 'டூ நாட்' என்று பிரித்தால் அர்த்தம் அப்படியே இருக்கும். 'பிளாக்போர்டு'ங்கிறதைப் பிரிச்சா கருப்புப் பலகைதான் மிஞ்சும். ஆனா பச்சை பெயின்ட் அடிச்சதையும் பிளாக்போர்டுன்னுதானே சொல்றோம்? சுருக்கத்தில் ஒலி மட்டும்தான் தேயும். கூட்டுல புதுசா ஒரு பொருள் பிறக்கும்.

இதுக்கு லண்டன் வரைக்கும் போகவேணாம், தேனி மாவட்டமே போதும். பெரியகுளம் ஒரு ஊர். 'பெரிய குளம்'னு பிரிச்சுச் சொன்னா எந்தக் குளம்னு கேப்பாங்க. அது கூட்டு. போடிநாயக்கனூர் 'போடி' ஆனது சுருக்கம். 2023-ல் அகல ரயில் பாதையில் போடி வரைக்கும் ரயில் வந்தது. டிக்கெட்டில் போடிநாயக்கனூர், நம்ம வாயில் போடி. இறங்குறது என்னவோ ஒரே ஸ்டேஷன்தான்! அதே வருசம் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சையை எடுத்துக்குங்க. நடுவுல இடம் விட்டு எழுதினாலும் அது ஒரே பழத்தோட பேரு. பன்னீரைத் தனியா, திராட்சையைத் தனியா யாரும் எடை போடுறதில்லை. ஆக, ஒட்டி எழுதுறதா விட்டு எழுதுறதாங்கிறது இங்க கணக்கே இல்லை.

சரி, இதுக்கு எதுக்கு இவ்வளவு கோபம்னு கேக்குறீங்களா? 'டோன்ட்' சொன்னா நல்ல இங்கிலீஷ். கம்பத்துப் பையன் 'வந்துவிட்டேன்' என்பதை 'வந்துட்டேன்'னு சொன்னா மட்டும் கொச்சை, பட்டிக்காடு. ரெண்டுலயும் நடந்தது ஒன்னுதான்யா! 'வில் நாட்' 'வோன்ட்' ஆனதுல உருவமே மாறிப்போச்சு. அதை மட்டும் மனப்பாடம் பண்ணச் சொல்றீங்க.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் மரூஉவை இயல்பு வழக்கில்தான் வைத்தார். 'என் தந்தை' 'எந்தை' ஆனதும், 'பொழுது' 'போது' ஆனதும் மரூஉதான். 'அது புலவர்கள் ஏத்துக்கிட்டது, இது வெறும் பேச்சு'ன்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க. புலவர்கள் ஏத்துக்கிறதுக்கு முன்னாடி அதுவும் யாரோ பேசினதுதானே?

பரீட்சையில் 'வந்துவிட்டேன்' என்றே எழுதச் சொல்லுங்க, தப்பில்லை. இங்கிலீஷ்லயும் முறையான கடிதத்தில் 'டூ நாட்'தான் எழுதச் சொல்றாங்க. எழுத்துக்கு இது, பேச்சுக்கு அதுன்னு சொல்லிக் கொடுங்க. வாயைத் திறந்ததுமே சிரிக்காதீங்க. இன்ஜினியரிங் முதல் வருசத்தில் பேசவே கூச்சப்பட்டு உக்காந்திருந்த பசங்களைப் பாத்திருக்கேன். அவங்களுக்கு இலக்கணம் தெரியாம இல்லை. அவங்க பேசுறதுலயும் இலக்கணம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலை, அம்புட்டுதான்.

டிஸ்கி: மேலே வரும் 'போடி' ஊர்ப்பேர் மட்டுமே. தங்கமணிகள் கோவிச்சுக்க வேணாம் :-)