பாத்ரூம் கேஸ் கீசர்: வாடையே வராத வாயு எப்படி ஆளைச் சாய்க்கிறது? வடசென்னை வீடுகள் கவனிக்க வேண்டியது என்ன?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்து மக்களை எழுப்பியது மூக்குதான். கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் அக்டோபர் 25-ம் தேதி, திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ வாயு நெடி பரவி, முப்பதுக்கும் மேற்பட்ட மாணவ, மாணவியர் பாதிக்கப்பட்டனர். தேசிய பேரிடர் மீட்புப் படையே வந்து சோதனை செய்தது.

இப்படிப்பட்ட அனுபவங்கள் மணலி முதல் ராயபுரம் வரை ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கின்றன. வாடை வந்தா ஜன்னலைச் சாத்து. வெளியிலிருந்து வரும் நெடிக்கு அது சரியான பதில்தான். சிக்கல் என்னவென்றால், அப்படிச் சாத்திய வீட்டுக்குள் கேஸ் கீசர் ஓடினால், அது உண்டாக்கும் வாயுவுக்கு வாடையே கிடையாது. எந்த மூக்கும் எழுப்பிவிடாது.

அது என்ன வாயு?

கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் நமக்குத் தெரிவது, அதில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளால்தான். ஆனால் அது எரியாத கேஸுக்கு மட்டும் உதவும் ஏற்பாடு. கேஸ் எரியும்போது நாற்றப் பொருளும் சேர்ந்து எரிந்துவிடும். அதனால் "கேஸ் வாசனையே வரலையே, அப்புறம் என்ன?" என்று கீசர் விஷயத்தில் நிம்மதி அடைய முடியாது.

கேஸ் நன்றாக எரிந்தால் வருவது கரியமில வாயுவும் நீராவியும். காற்று போதாமல் அரைகுறையாக எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடு வருகிறது. இது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இது கலந்திருந்தாலே உயிருக்கு ஆபத்து.

ஒரு குளியலுக்கு எவ்வளவு காற்று தேவை?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ராயபுரம், காசிமேடு பக்கம் ஒண்டுக்குடித்தன வீடுகளில் ஒரு பாத்ரூம் 4 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் மொத்தக் காற்று சுமார் 5,400 லிட்டர்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் சின்ன கீசர், தண்ணீரை 25 டிகிரி சூடாக்க 10 கிலோவாட்டுக்கும் மேல் வெப்பம் தர வேண்டும். அதாவது சமையலறையில் நான்கைந்து பர்னரை முழுசாகத் திறந்துவிட்ட மாதிரி. மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ எல்பிஜி எரியும். 1 கிலோ எல்பிஜி முழுமையாக எரிய 12,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும்.

அப்படியானால் பத்து நிமிடம் ஓடினால்? சுமார் 2,000 லிட்டர். அந்த பாத்ரூமில் இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதே காற்றைத்தான் உள்ளே குளிப்பவரும் சுவாசிக்கிறார். காலையில் வீட்டில் நாலு பேர் வேலைக்கும் ஸ்கூலுக்கும் கிளம்ப ஒருத்தர் பின் ஒருத்தராகக் குளித்தால், முதல் ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் மூன்றாவது ஆள் மயங்கி விழுவது இதனால்தான். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்பதற்கும் இதுதான் காரணம். நேற்று ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கும்.

சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 18 சதவீதம் அளவுக்கு இறங்கும்போது தீ நீலம் மாறி, மஞ்சளாக ஆடத் தொடங்கும். விஷவாயு பெருகும். ஆக்சிஜன் குறைந்தால் தானே அணைந்துவிடும் சென்சார் சில மாடல்களில் உண்டு. பழைய, செகண்ட் ஹேண்ட் கீசர்களில் அது இருக்கும் என்றோ, இருந்தாலும் வேலை செய்யும் என்றோ நம்ப முடியாது.

டாக்டரே குழம்பும் கேஸ்

குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை; கதவை உடைத்துப் பார்த்தால் கீழே கிடக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் வலிப்பு என்பார்கள், மாரடைப்பு என்பார்கள், வழுக்கி விழுந்துட்டார் என்பார்கள். இப்படி வந்தவர்களைக் கவனித்த மருத்துவர்கள், இந்திய மருத்துவ இதழ்களில் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி ஆகியவைதான் முதல் அறிகுறிகள். நேற்று சாப்பிட்டது ஒத்துக்கலை என்று விட்டுவிடுவது எளிது.

கொரோனா காலத்தில் வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தால் 98, 99 என்று காட்டலாம். அதை நம்பக் கூடாது. சாதாரண ஆக்சிமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தமும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஒன்றாகவே தெரியும். உண்மை தெரிய ரத்தப் பரிசோதனைதான் வழி. எனவே ராயபுரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ வேறு எதுவோ, கொண்டுபோய்ச் சேர்த்ததும் "பாத்ரூம்ல கேஸ் கீசர் ஓடிட்டிருந்தது" என்ற ஒரு வரியை மறக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சையின் திசையே அதனால் மாறும்.

புகை எங்கே போக வேண்டும்?

கனடா, பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கவே கேஸ் எரிக்கிறார்கள். அந்த ஃபர்னஸின் புகை தனிக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே போகும். அந்தக் குழாய் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, தமிழர்கள் ஏராளமாக வாழும் ஒன்டாரியோ மாகாணமே சாட்சி. 2008-ல் அங்கே உட்ஸ்டாக் நகரில் கேஸ் நெருப்பிடத்தின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டதில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். கேஸ் எரியும் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் என்ற சட்டம் 2013-ல் வந்தது.

நம் ஊரில் புகைக்குழாய் இல்லாத சின்ன கீசரை, பிளம்பர் ஒரு ஆணி அடித்து பாத்ரூமுக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போகிறார். மாட்ட வேண்டிய இடம் அது இல்லை. காற்றோட்டமான பால்கனி, வெளிச்சுவர், திறந்த சர்வீஸ் ஏரியா என்று வைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். கூடுதலாக ஆகும் பைப் செலவு கொஞ்சம்தான். வெளியே வைக்க இடமே இல்லாத வீட்டில் கரண்ட் ஹீட்டரோ, அடுப்பில் காயவைத்த தண்ணீரோ மேல். ஏற்கெனவே உள்ளே மாட்டியவர்கள், இடம் மாற்றும் வரை கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, கீசரை அணைத்த பிறகு குளிக்கப் போகலாம். வெளி நெடிக்காக ஜன்னலைச் சாத்த வேண்டிய நாளில் கீசரைத் தொடவே வேண்டாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே, போதாதா என்ற கேள்வி வரும். கதவைச் சாத்திவிட்டு ஃபேன் போட்டால், உள்ளே வரக் காற்றுக்கு வழி இல்லை. ஃபேன் சும்மா சுற்றும். கதவின் கீழே இடைவெளியோ ஜாலியோ இருந்தால்தான் பலன். புகைக்குழாய் உள்ள கீசராக இருந்தால் இன்னொரு வம்பு: பலமான ஃபேன் வெளியே போன புகையையே குழாய் வழியாகத் திரும்ப இழுத்துவிடும். குழாயின் வெளிமுனையில் புறா கூடு கட்டுவதும் உண்டு; வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

பைப் கேஸ் வந்தால்?

அத்திப்பட்டு பக்கம் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் எல்என்ஜி முனையம் 2019-ல் தொடங்கப்பட்டது. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் வீடுகளுக்குக் குழாயில் எரிவாயு தரும் உரிமம் டோரண்ட் கேஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். பைப் கேஸ் லேசானது, கூரைக்கு ஏறும். ஆகவே மேலேயும் காற்றுப்போக்கி வேண்டும். எல்பிஜிக்கு வாங்கிய கீசரை ஜெட் மாற்றாமல் பைப் கேஸில் இணைக்கவே கூடாது. எரிந்து வரும் புகையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. காற்று குறைந்தால் இரண்டும் ஒரே விஷத்தைத்தான் கக்கும்.

கரி அடுப்பும் அப்படியே. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் தங்கும் அறைக்குள் பார்பிக்யூ கரியை வைத்துவிட்டுத் தூங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் காலையில் எழவில்லை. புயல் நேரத்தில் கரண்ட் போனதும் ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியில் ஓடவிடும் கட்டிடங்களும் இதே பட்டியல்தான்.

யாராவது விழுந்து கிடந்தால்?

கதவைத் திறந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளை முதலில் வெளிக்காற்றுக்கு இழுக்க வேண்டும். உள்ளேயே உட்கார்ந்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் காப்பாற்றப் போனவரும் சாய்வார். பிறகு கீசரை அணைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். எரியாத கேஸ் நாற்றம் வந்தால் அது வேறு விஷயம். ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, எல்பிஜி அவசர எண் 1906-க்குச் சொல்ல வேண்டும்.