உச்சிக்கு ஓடுமுன்

விடிவதற்கு முன்பே ஆலங்குளத்துச் சாலையோரங்களில் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஆயத்தமாகும் இளைஞர்கள் ஓடுகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் கடந்தாக வேண்டும் என்பது காவலர் தேர்வில் ஆண்களுக்கான விதி. சில நொடிகள் பிந்தினால் ஓராண்டு உழைப்பு வீணாகும். வெளிச்சம் பரவப் பரவ மேற்கே மலைத்தொடர் நீலமாகத் துலங்குகிறது. அவ்விளைஞருள் சிலர் அண்மையில் நம்மிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். வெளிநாடுகளில் மலையுச்சிக்கே ஓட்டப்பந்தயம் வைக்கிறார்களே, நம் பொதிகைக்கு ஏன் வைக்கக் கூடாது?

இலக்கிய அன்பர்களாகிய நமக்கு முதலில் எழுவது மறுப்புதான். அகத்தியர் மலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடுவதா என்று முகம் சுளிக்கிறோம். இம்மறுப்பில் நேர்மை குறைவு என்றே தோன்றுகிறது. மலையை மெல்ல நடந்து சுவைக்க வேண்டும் என்பது விடுமுறைக்குப் போகிறவரின் கொள்கை. மலையில் வாழ்கிறவர் மழைக்கு முன் குடிசை சேரவும், நோயாளியைக் கீழே கொண்டுவரவும், யானைக்கு வழிவிடவும் காலங்காலமாக ஓடித்தான் வந்திருக்கிறார். குற்றாலத்தில் சாரல் காலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு வரிசையில் நிற்கும் நாம், ஓட நினைக்கிறவனுக்கு மலையின் மாண்பைப் போதிப்பது பொருந்தாது.

மலையோட்டத்தை வெறும் வீம்பென்றும் தள்ளிவிட இயலாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 4302 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கு 1956இல் மருத்துவர் ஒருவர் பந்தயம் வைத்தார். புகைப்பவரையும் புகைக்காதவரையும் ஒருங்கே ஓடவிட்டுப் புகையின் தீமையை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். உச்சிக்குச் சென்று திரும்பும் முழு ஓட்டத்தைப் புகைப்பவர் ஒருவரும் முடிக்கவில்லை. பல வீடுகளில் பீடி சுற்றிப் பிழைக்கும் நம் பகுதியினர் சற்றே நின்று எண்ண வேண்டிய செய்தி இது. அந்த உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் அவ்வளவே குறைந்துவிடுகிறது. ஏறும்போது நெஞ்சு திணறுகிறது. இறங்கும்போதோ உடலின் எடையைத் தடுத்துத் தடுத்துத் தாங்கித் தொடைத்தசைகள் நொந்துபோகின்றன.

பொதிகையின் உச்சி 1868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். மூச்சுக்குப் பேரிடர் இல்லை. இடர் வேறிடத்தில் இருக்கிறது. உச்சியை நெருங்கும் பாறைச்சரிவில் கயிறு பிடித்து ஏற வேண்டும். திடீரென மூடுபனி இறங்கினால் பாதை மறைந்துபோகும். மழைக்காலத்தில் காலடி எடுத்து வைக்குமிடமெல்லாம் அட்டைகள். யானையும் கரடியும் புழங்கும் காடு அது. தமிழ்நாட்டுப் பக்கச் சரிவுகள் 1988இல் அமைந்த களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை.

இந்த மலையில் களைக்காமல் ஏறும் வித்தையை அறிந்தவர்கள் காணிக்காரர்கள். 1987இல் அறிவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையிலான குழுவொன்று ஆய்வுக்காக அகத்தியமலைக் காடுகளில் ஏறியது. ஆய்வாளர்கள் களைத்து உட்கார்ந்தார்கள். வழிகாட்ட வந்த காணி இளைஞர்களோ ஏதோ ஒரு சிறு காயைக் கடித்துக்கொண்டு சளைக்காமல் நடந்தார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகே அச்செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அச்செடியிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து உருவாயிற்று. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டு, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கைக் கொடுத்த முன்னோடி முயற்சியாக உலகெங்கும் அது பேசப்படுகிறது. ஆனால் செடிக்கு விலை வந்ததும் காட்டில் அதை வேரோடு பறித்துச் செல்வதும் தொடங்கியது. மலையின் ஆற்றலைக் கீழே கொண்டுவர நினைக்கும் எவரும் இந்த வரலாற்றின் இரு பக்கங்களையும் படிக்க வேண்டும்.

மலையறிந்தவர் உடனில்லாத பந்தயம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு 2021 மே 22 சான்று. சீனத்தின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் நடந்தது. உயரமான பகுதியில் ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் ஒன்றாகத் தாக்கின. காற்றுத் தடுப்புச் சட்டையைக் கட்டாயப் பொருள்களில் சேர்க்காததால் பலர் மெல்லிய உடையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். 172 பேரில் 21 பேர் குளிரில் மாண்டனர். அந்நாட்டின் முன்னணி வீரர்களும் அவர்களுள் இருந்தனர். அறுவரை உயிரோடு மீட்டவர் அங்கே ஆடு மேய்க்கும் ஒருவர். மழைக்கு ஒதுங்கும் குகை எங்கிருக்கிறது, அதில் நெருப்பு மூட்ட என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

தொலைவில் நடந்ததென்று நாம் ஆறுதல் கொள்ளவும் முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நம் வீட்டு வாசலிலேயே, 2024 மே 17 அன்று, மேலே மலையில் பெய்த மழையால் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. மேலே என்ன நடக்கிறது என்பதைக் கீழே நிற்பவருக்கு உரிய நேரத்தில் ஓடிவந்து சொல்ல ஆளிருந்தால் என்ற ஏக்கம் அந்நாளிலிருந்து நம்மை விடவில்லை.

காணிகளின் காய் வெளியுலகுக்குத் தெரிந்த அதே 1987இல்தான் மலேசியாவின் கினபாலு மலையில் ஓட்டப்பந்தயம் தொடங்கியது. நம் பொதிகையின் உச்சி முடியும் அதே உயரத்தில்தான் அம்மலையின் ஏறுவாயில் இருக்கிறது. சிகரமோ 4095 மீட்டர். அப்பந்தயம் பிறந்த கதை பலருக்குத் தெரியாது. மலையில் இடர்ப்படுவோரை மீட்க விரைந்து ஏறக்கூடியவர் யார் என்று பூங்கா ஊழியர்களுக்குள் கண்டறியத்தான் முதலில் ஓடிப்பார்த்தார்கள். உலக வீரர்கள் பின்னால் வந்தார்கள். 2015 ஜூன் 5 அன்று நிலநடுக்கம் அம்மலையை உலுக்கி 18 பேர் இறந்தபோது, மாண்டவர்களில் உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தனர். அங்கே மலையில் விரைந்து ஏறும் திறன் பரிசுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

இந்த வரிசைமுறையைத்தான் நாம் வலியுறுத்த விரும்புகிறோம். முதலில் மீட்பவர், பிறகு பந்தயம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, அந்தந்த ஊர்க்காரரையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாக அமர்த்தியது நல்ல தொடக்கம். அடுத்த படியாக, சாலையோரத்தில் ஓடும் ஆலங்குளத்து இளைஞர்களையும் காரையாற்றை ஒட்டிய காணிக் குடியிருப்புகளின் இளைஞர்களையும் சேர்த்து மலைமீட்புப் படையொன்று அமைக்கலாம். அதற்கான தேர்வோட்டத்தை நம்மூர்ப் பொத்தைகளில் நடத்தலாம். பாறையும் முள்ளும் வெயிலும் அங்கேயும் போதிய அளவு உண்டு. காவலர் தேர்வில் சில நொடிகளில் தோற்றவனுக்கும் ஊதியத்தோடு ஒரு வேலை கிடைக்கும். பொதிகை உச்சிக்குப் பந்தயம் வேண்டாம் என்பதே நம் கருத்து. புலிகள் காப்பகத்தின் நடுவே நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் ஓடுவதைக் காடு தாங்காது. ஆனால் அங்கே ஒருவர் காலொடிந்து கிடந்தால் எவரைவிடவும் விரைந்து ஏறி அவரைச் சேரக்கூடியவர் நம் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியை நாம் ஆண்டுதோறும் மேடையேற்றிப் பேசுகிறோம். அதில் மலையின் வளத்தைச் சொல்லும் பொறுப்பைக் கவிராயர் குறத்தியிடம் கொடுத்தார், வசந்தவல்லி கேட்கிறாள். மலையைப் பற்றி மலையில் வாழ்பவள் சொல்லக் கீழே இருப்பவள் கேட்கும் அந்த முறையை அவர் அன்றே அறிந்திருந்தார். பந்தயத்துக்கு நாள் குறிக்கும் முன் நாமும் ஒருமுறை காணிக் குடியிருப்புக்குப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவோம். அதற்கு நடந்தே போகலாம்.