தாளம் வேண்டும், பந்தி வேண்டாமா?

‘ஒன்ஸ்’ என்ற அயர்லாந்துப் படம் 2007இல் திரையரங்குகளுக்கு வந்தது. தெருவில் கிடார் வாசித்துக் காசு பெறும் ஒருவனும், பிழைப்புத் தேடி டப்ளினுக்கு வந்த செக் நாட்டுப் பெண்ணும் சேர்ந்து பாடல் உருவாக்குவதே கதை. அதன் பாடல் ஒன்று 2008இல் ஆஸ்கர் வென்றது. இந்தப் படத்தைப் பார்க்க வருவோருக்கு ஐரிஷ் ஸ்டூ பரிமாறினால் அதைவிடப் பொருத்தம் இல்லை. ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஒரே பானையில் மெல்ல வேகும் எளிய உணவு அது. உழைத்துக் களைத்த வீடுகளிலிருந்து வந்தது அந்த உணவு. அதே வகை வீடுகளிலிருந்து வருகிறது படத்தின் பாட்டும். ஒரு படத்துக்கு ஏற்ற உணவைத் தேடும்போது நாம் கேட்க வேண்டியது, இரண்டும் யாருடைய கையிலிருந்து வந்தன என்பதே. வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழில் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு நல்ல விடை இருக்கிறது: ராஜீவ் மேனனின் ‘சர்வம் தாள மயம்’, ஆம்பூர் பிரியாணி. ராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலியில் இவ்விரண்டையும் ஒரே மாலையில் மக்கள் முன் வைக்க வேண்டும். மாட்டிறைச்சிப் பிரியாணியை விலக்காமல் வைக்க வேண்டும்.

2019இல் வெளியான ‘சர்வம் தாள மயம்’ படத்தில் பீட்டர் ஜான்சன் மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவர் ஒருவரின் மகன். தந்தை செய்யும் வாத்தியத்தைத் தான் வாசிக்க விரும்புகிறான். வித்வான் வேம்பு ஐயரிடம் சீடனாகச் சேர அவன் படும் பாடுதான் படம். மிருதங்கத்தின் உடல் பலா மரம்; பேசும் முகங்களோ பசு, ஆடு, எருமைத் தோல்களால் ஆனவை. வலப்பக்க முகமான வலந்தலையின் நடுவே இருக்கும் கருவட்டம் வேகவைத்த சோற்றோடு கல்பொடியைக் குழைத்துத் தேய்த்தது. கச்சேரிக்கு முன் இடப்பக்க முகமான இடந்தலையில் அப்புவது ரவைப் பசை. தோலைத் தேர்ந்து, முடி நீக்கி, சுருதி கூடும்வரை வார் இழுத்துக் கட்டுபவரின் காது வித்வானின் காதுக்குக் குறைந்ததல்ல. ஆனால் வாத்தியம் மேடை ஏறும்போது அவர் மேடைக்குக் கீழேயே நின்றுவிடுகிறார்.

தோலின் நாதத்தை ஏற்று, தோலோடு வாழ்வோரைத் தள்ளிவைக்கும் இந்தப் பழக்கம் பந்தியிலும் தொடர்கிறது. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றிக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியை 2020இல் சென்னைக் கலை நிறுவனமான கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடம் இல்லை என்று தெரியவந்தது. எதிர்ப்பு எழுந்தது, மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஒன்று புத்தகம், மற்றது சோறு. இரண்டு இடத்திலும் சங்கடம் தந்தது மாடுதான். அதன் தோலோடும் இறைச்சியோடும் வாழ்கிற மனிதர்கள்தான்.

ஆம்பூர்த் தோல் செருப்பாகவும் ஷூவாகவும் போகிறது, மிருதங்கத்துக்கு அல்ல. படமும் இந்த வட்டாரத்துக் கதை அல்ல என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். மிருதங்கத்துக்கு வேண்டிய தோலும் தொழிற்சாலையில் குரோமியம் ஏற்றிப் பதப்படுத்தும் தோலும் வேறு வேறு. ஆனால் சுண்ணாம்பில் ஊறிய பச்சைத் தோலின் நாற்றத்தைச் சுமந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கும் பீட்டரின் தந்தைக்கும் ஊர் தரும் இடம் ஒன்றே. ஆம்பூர் பிரியாணி ஆற்காடு நவாபுகளின் சமையற்கட்டிலிருந்து வந்ததென்றே சொல்லப்படுகிறது, அது எப்படி உழைப்பவரின் உணவாகும் என்றும் கேட்கலாம். அரண்மனையில் பிறந்திருந்தாலும் அதை வளர்த்தது கடைத்தெருதான். சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் விழுது, தயிர், கூடவே கத்திரிக்காய்த் தொக்கு என்ற அந்தக் கூட்டில், குறைந்த காசில் வயிறு நிறைய வழி செய்தது மாட்டிறைச்சி.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: பொது நிகழ்ச்சியில் பலர் மனம் புண்படுமே என்பது. இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. சைவம், கோழி, ஆடு, மாடு எல்லாவற்றையும் தனித்தனிப் பாத்திரத்தில், பெயர் எழுதி வைத்தால் வேண்டாதவர் வேண்டியதை உண்ணலாம். யார் தட்டிலும் யாரும் எதையும் திணிப்பதில்லை. விலக்கினாலோ, அதை உண்பவர்களிடம் ‘உன் உணவு பொதுவுக்கு ஆகாது’ என்று ஊரே சேர்ந்து சொன்னதாகிவிடும். ஒருவர் தம் விருப்பப்படி ஒதுங்கிக்கொள்வதும், ஊர் கூடி ஒருவரை ஒதுக்குவதும் ஒன்றல்ல.

ஏன் நெமிலி? நெமிலி வட்டத்துப் பனப்பாக்கத்தில் 2024 டிசம்பரில் பெரிய காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பயிர்த்தொழிலை நம்பியிருந்த வட்டாரம் காலணித் தொழிலுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அங்கே செய்யப்போகும் காலணி தோலால் ஆனதாக இல்லாவிட்டாலும், கைத்தொழிலையும் அதைச் செய்பவரையும் எப்படி மதிப்பது என்ற கேள்வி கூடவே வருகிறது. வேலைக்கு வரும் இளைஞர்கள் பல சாதி, பல சமயம். அவர்கள் ஒரே பந்தியில் உட்காரும் பழக்கம் தொழிற்சாலை எழும்போதே தொடங்கட்டும். படம் முடிந்ததும் மிருதங்கம் செய்யும் கலைஞர் ஒருவரை மேடையில் அமர்த்தி, தோல் எப்படி நாதமாகிறது என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும். பிறகு எல்லோரும் உண்ண வேண்டும். பள்ளி மைதானமும் ஒரு திரையும் நாலு அண்டாவும் போதும். இதற்கு முன்வர வேண்டியது பேரூராட்சியும் உள்ளூர் நூலக வாசகர்களும்தான்.