கண்டிக்குப் போன நம் சனமும் நகராத மனுக்களும்

நெய்க்காரப்பட்டியில் நம் தெருவில் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எங்க அப்பாரோட தம்பி கண்டிக்குப் போனவரு, திரும்பி வரவே இல்ல" என்று ஒருவராவது சொல்வார். கண்டி என்றால் கண்டி நகரம் மட்டுமல்ல. கடலுக்கு அப்பால் இருக்கிற தேயிலைக் காடு முழுவதும் நம் கிழவிகளுக்குக் கண்டிச்சீமைதான். வெல்ல மண்டி நாளில் டீக்கடையில் நாம் குடிக்கிற தேநீருக்கும், திரும்பி வராத அந்தச் சின்னத் தாத்தாவுக்கும் உள்ள உறவைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. இன்று பேச வேண்டியிருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் மாவட்டத்திலேயே, "நான் எந்த நாட்டுக் குடி" என்ற கேள்விக்குப் பதில் கேட்டு மனுவும் கையுமாகக் காத்திருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் நம்மைத் தேடி ஒரு மாணவி வந்தார். மறுவாழ்வு முகாமில் பிறந்தவர், பிளஸ் டூ முடித்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா அன்றைய மதுரை ஜில்லாவிலிருந்து கங்காணி பின்னால் கப்பலேறியவர். பாட்டி காலத்திலிருந்து சொல்லிவரும் சாதிப் பெயர் நம் தெருவில் பாதிப் பேருக்கு உள்ள அதே பெயர்தான். மேற்படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அவரோடு போனோம். "முதலில் இந்தியக் குடிமகள் என்று காட்டுங்கள், பிறகு சாதியைப் பார்க்கலாம்" என்றார்கள். குடியுரிமைக்கு மனுப் போட்டீர்களா என்று நாம் அவரிடம் கேட்டோம். "அப்பா போட்டாங்க, தாத்தாவும் போட்டிருந்தாங்க" என்றார். ஒரே கேள்விக்கு மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் நாம் காத்திருப்பது புதிதல்ல. நம்முடைய காத்திருப்பு மாதக்கணக்கு. இவர்களுடையதை முக்கால் நூற்றாண்டுக் கணக்கில் சொல்ல வேண்டும். அதைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் வெள்ளைக்காரன் ஆள் பிடித்தான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருசப் பஞ்சம் அந்த ஆள்பிடிப்புக்கு வசதியாகப் போயிற்று. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலி என்று பல சீமைகளிலிருந்தும் போனார்கள். போனவர்களில் பெரும் பகுதி நிலமில்லாத தலித் மக்கள். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதியபோது அதன் நாயகி மருதியைச் சேரியிலிருந்துதான் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார். தமிழ் படிக்கும் மாணவர்கள் அந்தக் கதையை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும்.

தோட்டத்தில் அந்தச் சனத்துக்குக் கிடைத்த முக்கியமான காகிதம் 'துண்டு'. யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு அது. அதைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. பிறப்புச் சான்று, நிலப் பத்திரம், ஊர்ப் பதிவு எதுவும் தராமல், கடனை மட்டும் எழுதிவைத்த ஆட்சி அது. பின்னாளில் இதே சனத்திடம்தான் இரண்டு நாட்டு அரசுகளும் "ஆவணம் எங்கே" என்று கேட்டன.

இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழர் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு, "மனுப் போடுங்கள், தகுதி இருந்தால் தருகிறோம்" என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். இரண்டே ஆண்டு கெடு. அதற்குள் சுமார் 8.25 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. அவற்றைப் பரிசீலித்து முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. கடைசியில் ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1.34 லட்சம் பேர் மட்டுமே. மனு தேங்குவதும், தேங்கிய மனு தள்ளுபடியாவதும் இந்த மக்களுக்கு அன்றே பழகிப்போன கதை.

பிறகு 1964 அக்டோபர் 30 அன்று சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9.75 லட்சம் பேரை இரண்டு அரசுகளும் பிரித்துக்கொண்டன. 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1.5 லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு ஏழு பேர் போனால் இலங்கையில் நாலு பேருக்குக் குடியுரிமை என்று ஒரு விகிதம் வேறு. சந்தையில் ஆட்டுக்குட்டியைப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினைந்து ஆண்டில் முடிப்பதாகச் சொன்ன வேலை முடியவில்லை. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் வர முடியாமல் நின்றவர்கள் பல்லாயிரம் பேர்.

வந்தவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தோம். நமக்கு மேலே தெரிகிறதே பழனி மலைத்தொடர், அதன் கொடைக்கானல் பக்கக் கிராமங்களுக்கும் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மரம் வெட்டும் கூலிகளாக, சில இடங்களில் கொத்தடிமைகளாகவும் இருந்தார்கள். ஆனாலும் அவர்கள் கையில் குடியுரிமை இருந்தது. வாக்கு இருந்தது. பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் வாங்கிப் படித்தார்கள். ஒப்பந்தக் காகிதம் இருந்ததால் கிடைத்த வாழ்வு அது.

அந்தக் காகிதம் வந்து சேராதவர்கள் நிலை வேறு. தோட்டங்களில் அடிபட்டு வடக்கே வன்னிப் பக்கம் ஒதுங்கிய மலையகக் குடும்பங்கள் பல. 1983 கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்தும் துரத்தப்பட்டு, படகில் இராமேசுவரம் கரை சேர்ந்தார்கள். அந்த நாளில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்' ஆகவில்லை, 'அகதி' ஆனார்கள். அதே தாத்தா, அதே கங்காணி, அதே லயம்தான். ஒரு குடும்பத்தில் அண்ணன் ஒப்பந்தத்தில் வந்து குடிமகன் ஆனான். தம்பி படகில் வந்து அகதி ஆனான்.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஈழத்தின் வடக்கு, கிழக்கிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. மலையகத்து இந்திய வம்சாவளியினரும் ஒரு பெரும் பகுதி உண்டு. 2021இல் தமிழக அரசு 'அகதி முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புது வீடுகள் கட்டித் தந்தது. அந்தத் திட்டத்தின் முதல் 321 வீடுகள் நம் மாவட்டத்தில், திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில்தான் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. அது தில்லியின் கையில் இருக்கிறது.

தில்லியின் சட்டம் எப்படி இருக்கிறது? 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பிறப்பால் இந்தியரே என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அவருக்கு வழி திறந்தது. ஆனால் அதே முகாமில், அதே பாயில், 1988இல் பிறந்த குழந்தைக்கு அந்த வழி கிடையாது. அவர் மனுப் போட்டுப் பதிவு பெறலாம் என்றால், 2003 திருத்தம் குறுக்கே நிற்கிறது. கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி', அவருக்குப் பதிவு கிடையாது என்கிறது. வீடு எரியும்போது கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டா ஓட முடியும்?

திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூன் 17 அன்று மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. அவர்கள் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மனுவைப் புதிதாக வாங்குங்கள், மத்திய அரசு பதினாறு வாரத்தில் முடிவெடுக்கட்டும் என்றார் நீதிபதி. அந்தப் பதினாறு வாரத்தைப் போல எத்தனையோ பதினாறு வாரங்கள் போய்விட்டன. முகாம்கள் இன்னும் முகாம்களாகவே இருக்கின்றன. அதே 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதாருக்குக் கதவைத் திறந்தது. அதில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்கிறது. தலைக்கு மேல் தொங்கிய கத்தி விலகியது என்ற அளவில் நிம்மதிதான். ஆனால் தண்டனை இல்லை என்பதும் குடியுரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல.

நம் தெருவிலேயே சிலர் மெதுவான குரலில் ஒன்று கேட்கிறார்கள்: "அவங்களுக்கும் எஸ்.சி. சான்றிதழ் குடுத்தா, நம்ம பிள்ளைக சீட்டுல பங்குக்கு வருவாங்களே?" இதை மூடி மறைக்காமல் பேசுவோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 1.44 கோடிப் பேர். முகாம்களில் உள்ள அத்தனை பேரையும் தலித் என்றே வைத்துக்கொண்டாலும் நம்மில் நூற்றுக்கு அரை ஆள் ஆக மாட்டார்கள். நம் பிள்ளைகளின் சீட்டு நிரப்பாத பணியிடங்களிலும், வந்து சேராத உதவித்தொகையிலும், பாதியில் நிற்கும் படிப்பிலும்தான் போகிறது. அதை விட்டுவிட்டு, பஞ்சத்தில் பிரிந்து போன சொந்தத் தம்பியின் பேத்தியைப் பார்த்துப் பயப்படுவது நமக்கு அழகல்ல. பங்கு கேட்காதே என்று நம்மைப் பார்த்துப் பிறர் சொன்ன சொல்லை நாம் அவர்களைப் பார்த்துச் சொல்லலாமா?

மாணவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தாயோ தந்தையோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்திருந்து, தான் வெளிநாட்டில் வாழ்கிறவர், இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொண்டால் இந்தியக் குடிமகன் ஆகலாம் என்கிறது அது. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு தந்த அரசமைப்பில், குடியுரிமைப் பிரிவுகள் 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்தன. தோட்டத்துச் சனத்துக்குப் பொருந்தும் கதவு அன்றே இருந்தது. அதை எத்தனை லயங்களில் யார் போய்ச் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாத கூலியிடம் கெடுவும் படிவமும் மட்டும் இருந்தால், கதவு திறந்திருந்தும் பயனில்லை.

ஆகவே நாம் கேட்பது இவை. முதலாவது, இந்திய வம்சாவளி மலையகத் தமிழரை 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லிலிருந்து மத்திய அரசு வெளியே எடுக்க வேண்டும். 1964, 1974 ஒப்பந்தங்களின் முடியாத பாக்கி அவர்கள் என்பதை ஏற்க வேண்டும். இரண்டாவது, 2021 மே மாதம் குஜராத், ராஜஸ்தான், சத்தீஸ்கர், அரியானா, பஞ்சாப் மாநிலங்களில் 13 மாவட்டங்களின் ஆட்சியர்களுக்குக் குடியுரிமை மனுக்களை முடிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தந்தது. அங்கே முடிந்தது திண்டுக்கல்லில் ஏன் முடியாது? முகாம் உள்ள மாவட்ட ஆட்சியர்களுக்கும் அதே அதிகாரம் வேண்டும். மூன்றாவது, மனுவை ஆட்சியர் 60 நாளிலும் மாநில அரசு அடுத்த 30 நாளிலும் மேலே அனுப்ப வேண்டும் என்று குடியுரிமை விதிகளே சொல்கின்றன. அந்தக் கெடுவை முகாம் மனுக்களுக்கும் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும். எந்த மனு எந்த மேசையில் இருக்கிறது என்று மனுதாரருக்குத் தெரிய வேண்டும். நான்காவது, குடியுரிமை வரும்வரை முகாமில் உள்ள தலித் மாணவர்களுக்குப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு இணையான உதவித்தொகையை மாநில அரசு தன் பொறுப்பில் தர வேண்டும். திரும்பிப் போக விரும்புகிற ஈழத் தமிழருக்கு அந்த உரிமையும் பாதுகாப்பும் வேண்டும். யாரையும் நெட்டித் தள்ளக் கூடாது.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. "உன் பூர்வீகம் எந்த ஊர், அதற்குச் சாட்சி எங்கே" என்றுதான் அவர்களிடம் கேட்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பழைய காகிதத்தில் 'மதுரை ஜில்லா' என்று இருக்கும். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனதே 1985இல்தான். அந்த ஜில்லாவில் எந்தக் கிராமம், எந்தத் தெரு என்பதை அலுவலகத்தால் சொல்ல முடியாது. அது நம் கிழவன் கிழவிகளின் நினைவில் இருக்கிறது. யார் வீட்டிலிருந்து யார் கண்டிக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கண்டியிலிருந்து வந்த பழைய கடிதம், மணியார்டர் துண்டு, புகைப்படம் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையை இதற்குத் தரலாம். சுற்றுக் கிராமங்களில் அடுத்த கிராம சபை கூடும்போது, "எங்கள் ஊரிலிருந்து போனவர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை வழங்குக" என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம்.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் பொதுப் பிரிவில் கட்டணம் கட்டிச் சேர்ந்திருக்கிறார். அப்பா பெயின்ட் அடிக்கப் போய்ச் சம்பாதிக்கிற காசு அது. சான்றிதழ் வந்தால் சொல்லுங்கள் என்றோம். "எனக்கு வராட்டியும் பரவாயில்லண்ணா, தம்பி ஒன்பதாவது படிக்கிறான், அவனுக்குள்ளயாவது வந்துரணும்" என்றார். நான்காவது தலைமுறையின் மனுவும் வரிசையில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது தில்லியின் கடமை. தில்லியை விடாமல் கேட்க வேண்டியது நம் கடமை.