வாடகை பூஜ்யம் என்று எழுதும் படிவம்

பெங்களூருவின் வீட்டுப் பற்றாக்குறையைப் பேசுவோர் பெரும்பாலும் 2012இல் அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு வகுத்த கணக்கில்தான் போய் நிற்கின்றனர். நாட்டின் நகர்ப்புறங்களில் 1.878 கோடி வீடுகள் குறைவு என்றது அக்குழு. எண் புகழ்பெற்றது, அதன் உட்கூறுகளை ஏறிட்டுப் பார்த்தவர் சிலரே. அதில் வீடற்றோருக்கு உரிய பங்கு 5.3 லட்சம். ஏறத்தாழ 1.5 கோடி, நெரிசலால் சேர்ந்தது. மணமான தம்பதிக்குத் தனியறை இல்லாவிடில் அங்கே ஒரு வீடு குறைவு என்பது குழுவின் அளவுகோல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ நகர்ப்புறங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன.

நெரிசலுக்குப் பரிகாரம் இருக்கும் இடத்தில் ஓர் அறை கூடுவது, அல்லது அருகிலேயே கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு கிடைப்பது. திட்டங்களோ அந்த எண்ணை நகர விளிம்பில் கட்டவேண்டிய சொந்த வீடுகளின் எண்ணிக்கையாகவே வாசித்தன.

வாடகையை அளப்பதிலும் சிக்கல் உண்டு. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போனால் சுமை என்பது உலகெங்கும் வழங்கும் விதி. பெங்களூருவில் ‘லீஸ்’ என்றொரு வழக்கம் இருக்கிறது. தமிழகத்தார் ஒத்தி, போக்கியம் என்பார்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றிக் குடியிருப்பது. அத்தொகை பெரும்பாலும் கடனாக வந்தது. ஆய்வுப் படிவத்தில் இக்குடும்பத்தின் வாடகை பூஜ்யம். வட்டி எந்தக் கட்டத்திலும் ஏறாது. ஆடைத் தொழிலாளி ஒருவர் வாடகையும் பேருந்துச் செலவும் போக உணவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் என்ன மிஞ்சுகிறது என்று கேட்கும் மீதத்தொகை முறையே இந்நகருக்குப் பொருந்தும். அதற்கு உழைப்பு அதிகம் என்பது உண்மைதான்.

அளவுகோலுக்குள் வராதோர் வேறு. 2011 கணக்கெடுப்பு புதிதாக அடையாளம் கண்ட குடிசைப் பகுதிக்குக் குறைந்தது 60 முதல் 70 குடும்பங்கள் வேண்டும். காலிமனையொன்றில் இருபது நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள் இருந்தால் அது கணக்கில் இல்லை. யாதகிரி, ராய்ச்சூர் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தோர் வாழ்வது அவ்விடங்களில்தான். 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டமோ, நாட்டில் எங்கேனும் ஓட்டு வீடோ காரை வீடோ சொந்தமாக இருப்பவரைத் தகுதியற்றவராக்கியது. ஊரிலுள்ள வீட்டில் படுத்துக்கொண்டு பெங்களூருவில் கல் சுமக்க இயலுமா?

இங்கிலாந்தில் 2018 முதல் உள்ளாட்சிக்கென நிலையான கணக்கீட்டு முறை உண்டு. அதில் வீட்டு விலைக்கும் ஊதியத்துக்குமான விகிதம் எண்ணை உயர்த்துகிறது. அம்முறை குறைபாடற்றதன்று, ஆனால் அங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் எண் இருக்கிறது, அதை வைத்து மக்கள் சண்டையிட முடிகிறது. பெங்களூருவில் சண்டையிடவும் எண் இல்லை. 2031க்கான பெருந்திட்ட வரைவு 2017இல் வெளிவந்து பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 2007இல் ஒப்புதல் பெற்ற, 2015ஆம் ஆண்டுக்கான திட்டத்தின் நிழலிலேயே நகரம் பெருகியது.

2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் தன் வார்டுகளில் வாடகை, முன்பணம், லீஸ் தொகை, அதன் கடன் வட்டி, வேலையிடத்தின் தூரம் ஆகிய ஐந்தையும் மாதிரி ஆய்வாகத் திரட்டலாம். 2011 வீட்டுப் பட்டியல் படிவம் வீடு சொந்தமா வாடகையா என்று கேட்டது. வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை. அடுத்த பெருந்திட்டம் எழுதப்படுவதற்கு முன் அந்த ஒரு கேள்வியையாவது மாநகராட்சிகள் கேட்டாக வேண்டும்.